பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கார்

கயிறு வேண்டாம் என்று நான் சொன்னது அது முதல் தடவையல்ல. என் வீட்டுக்காரர் தர்மராஜ் காதில் போட்டுக்கொண்டால்தானே.

பழைய பஸ் ஒன்றை வாங்கிப் படுக்கையும் அடுப்படியும் வைத்திருந்தோம். சனிப்பெயர்ச்சி சமயத்தில் வயதானவர்களை நவக்கிரகக் கோயில்களுக்கு அழைத்துப் போகிற வண்டி. குறுகலான தெருக்களுக்குள் பஸ் நுழையாது. அதனால் மாருதி கார் ஒன்றைப் பின்னால் மாட்டி, நாலு சக்கரமும் உருள இழுத்துப் போய், அங்கே கழற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம். இரண்டையும் ஓட்டுவது டிரைவர் ஜெகபர் சாதிக். சமையல் நான்.

என் வீட்டுக்காரருக்குத்தான் வேலை இல்லை. சுனாமியில் படகு போய் உயிர் மட்டும் தப்பியதிலிருந்து இவர் கடலுக்குப் போகவில்லை. காரைக்கால்மேட்டில் கரையில் நிற்பதோடு சரி. கயிறு கட்டி இழுத்தால் பின்காரில் ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தைத் தனக்கென்று பிடித்து வைத்திருந்தார். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் இன்னும் எரிச்சல் வந்தது.

ஐந்து படகை ஒரே கயிற்றில் இழுத்திருக்கிறேன் என்பார். சரி, பார்த்துவிடுவோம் என்று இவரைப் பின்காரில் உட்காரவைத்துப் பட்டினச்சேரி ரோட்டில் வெள்ளோட்டம் விட்டோம். ஆடுகள் குறுக்கே வந்ததும் சாதிக் பிரேக் போட்டார். கார் நேராக வந்து பஸ்ஸின் முதுகில் முட்டியது. முன்விளக்கு இரண்டும் நொறுங்கின. எஞ்சின் ஓடாத காரில் பிரேக் கல்லு மாதிரி இருக்குமாம், எவ்வளவு மிதித்தும் இறங்கவில்லை. இறங்கி வந்த மனுஷன் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"கயிறு நீளம் பத்தல. இன்னும் ரெண்டு பாகம் விட்டா சரியாயிடும்."

இரு கை விரித்த நீளம் ஒரு பாகம். கடலில் அது சரிதான், இழுபடுகிற படகைத் தண்ணீரே நிறுத்திவிடும். தார் ரோடு யாரை நிறுத்தும்? அப்போதே திருநள்ளாறு ரோட்டில் இருக்கிற செம்பியன் பட்டறைக்கு விடச் சொன்னேன். அப்போதும் கயிற்றை அவிழ்க்க இவர் விடவில்லை; மெல்ல ஊர்ந்துதான் போனோம்.

ஒற்றைக் கம்பி வளைவில் காரை ஆட்டும் என்றார் செம்பியன். இரண்டு கை விரிந்த முக்கோணக் கம்பிதான் நல்லது. பம்பரில் அல்ல, அடிச்சட்டத்தில் பிடிக்க வேண்டும். கம்பி கழன்றாலும் கார் ஓடிவிடாமல் பக்கத்துக்கொரு சங்கிலி. பஸ் பிரேக் போட்டால் காரிலும் பிரேக் பிடிக்க ஓர் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். முக்கியமாக, பின்னால் ஆள் உட்கார வேண்டியதில்லை. அதையே செய்யுங்கள் என்றேன்.

பட்டறைக்கு வந்த பிறகு தர்மராஜ் காரை விட்டு இறங்கவேயில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரம் போய் நின்றேன்.

"பின்னால ஆளே வேணாம்னா, நான் எதுக்கு அல்லி?"

ஆனாலும் நான் இளகவில்லை.

"அலையே விட்டுட்டுப் போன ஆளுங்க நீங்க. ஒங்கள நான் கயித்துல கட்டி இழுக்க மாட்டேன். முன்னால எங்களோட வாங்க."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, பஸ்ஸின் பின்புறம் குனிந்து, தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார்.