கடைசி வரி தெரியாமல் பாடியவள்

என் பாட்டைத் தூக்கிவிடப் போகிறார்களாம். போனில் பேசிய இசைக் கம்பெனிக்காரர் அதை ஏதோ நல்ல செய்தி மாதிரி சொன்னார். “புதுப் படத்துக்காக உங்க பாட்டை மறுபடியும் ரெக்கார்ட் பண்றோம் மேடம். புதுசு வந்ததும் பழசை எல்லா இடத்துலேருந்தும் எடுத்துடுவோம். அதுல ஒரே இரைச்சல்.”

வந்ததே எனக்குக் கோபம்! நான் பாடி வெளியே வந்தது மொத்தமே அந்த ஒரு பாட்டுதான். அதுவும் போனால் நான் பாடகி என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் என் பக்கம் பேசியதாகச் சரித்திரமே இல்லை.

“நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்” என்றேன்.

“நாலோட நிறுத்திக்கோ” என்றார். ஆனால் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றதும் அவர்தான். அந்தப் பாட்டுக்கு வயலின் வாசித்தவராயிற்றே.

ஒலிப்பதிவுக்கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதுப் பாடகி ஹெட்போனோடு நின்றிருந்தாள். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. இதுவா என் பாட்டைப் பாடப்போகிறது என்று உதட்டைச் சுழித்தேன். அவள் வாயைத் திறந்தாள், நான் வாயை மூடிக்கொண்டேன். நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவள் வாங்கவில்லை. நான் சுருதி பிசகிய இடத்தில் அவள் அசையாமல் நின்றாள். குரலென்று பார்த்தால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

பாட்டு இதுதான். நேரத்துக்கு வீடு திரும்பாத கணவனை மனைவி வறுத்தெடுக்கிறாள். சாப்பாடு ஆறிப்போச்சு, கதவைத் திறக்க நான் என்ன காவல்காரியா என்று வரிக்கு வரி திட்டு. கடைசி வரியில்தான் ‘நீ வராத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்’ என்று வரும். அவன் இனி வரவே மாட்டான் என்பது அப்போதுதான் தெரியும்.

படத்தின் இயக்குநர் காட்சியைத் திரையில் ஓடவிட்டு, அவள் பாடியதைச் சேர்த்துப் பார்த்தார். கதாநாயகி சமையலறையில் பாத்திரத்தை உருட்டித் திட்டுகிறாள். கடைசியில், பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு வைத்துவிட்டதைப் பார்த்து அப்படியே நிற்கிறாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ தட்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே பாட்டு அழ ஆரம்பிச்சிடுது” என்றார் இயக்குநர்.

“கடைசி வரி என்னன்னு எனக்குத் தெரியுமே சார். திட்டும்போதே தொண்டையை அடைக்குது” என்றாள் அவள். மறுபடி பாடினாள். அழுகையை அடக்கினாள், திட்டு பொய்யாகிவிட்டது.

“அப்ப மேடமே பாடட்டும். அவங்க பாட்டுதானே?” என்றார் கம்பெனிக்காரர்.

நன்றாகப் பாடிவிட்டால் என் பாட்டுக்கு நானே குழி தோண்டிய மாதிரி. ஆனாலும் இத்தனை வருஷம் கழித்து முன்னால் மைக்கை வைத்தால் விட்டுவிட முடியுமா? ஏனோதானோவென்று பாடவும் எனக்கு வராது. உயிரைக் கொடுத்துப் பாடினேன்.

இயக்குநர் தலையைச் சொறிந்தார். “நீங்களும் முன்னாடியே அழுதுடறீங்கம்மா.”

“பழசையே போட்டுப் பாருங்க சார்” என்றாள் அந்தப் பெண்.

போட்டார்கள். இரைச்சல்தான். யாரோ உட்கார்ந்த நாற்காலி கூடக் கிறீச்சிட்டது. பிறகு நான் வந்தேன். அடேயப்பா, என்ன திட்டு! பாவம் பார்க்காமல் வெளுத்து வாங்கினேன். கடைசி வரியில் அந்தக் குரல் சட்டென்று தடுக்கியது. திரையில் தட்டின் மேல் கை நின்றது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“எப்படிம்மா இது?” என்றாள் அவள்.

“கடைசி வரியைக் கவிஞர் எனக்குச் சொல்லவே இல்லம்மா. அப்பல்லாம் எல்லாரும் ஒரே அறை, ஒரே மைக். வேணும்னே ஒளிச்சு வெச்சிருந்து, நடுவுல இவர் வயலின் வாசிக்கும்போது வந்து என் காதுல சொன்னார். உடனே பாடணும். அன்னிக்குக் காலையிலதான் இவரோட பெரிய சண்டை. வரியைக் கேட்டதும் இவரைத்தான் பாத்தேன். இவரு பாட்டுக்கு வாசிச்சிட்டிருந்தாரு. அப்புறம் எத்தனை தடவை பாடச் சொல்லியும் எனக்கு அது வரலை.”

“அதான் அன்னிக்குச் சாயங்காலம் நீ திட்டவே இல்லையா? நான் பயந்தே போயிட்டேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“படத்துல இதுதான். இதை எங்கேயிருந்தும் எடுக்கக்கூடாது” என்றார் இயக்குநர்.

கம்பெனிக்காரர் “இரைச்சல்...” என்று இழுத்தார்.

“இருக்கட்டும் சார். நான் பாடினதை அழிச்சிடுங்க” என்றாள் அந்தப் பெண். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கம்பெனிக்காரர் இறங்கிவந்தார். “சரி, பழசே இருக்கட்டும். எடுக்கலை.”

நான் கைதட்டிச் சிரித்தேன். கூடமே அதிர்ந்தது. கம்பெனிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன மேடம், அந்தப் பழைய பாட்டுகிட்ட நீங்களும்தானே தோத்தீங்க? இவ்ளோ சந்தோஷமா?”

“தோத்தது யார்கிட்டன்னு பாருங்க சார்!” என்றேன்.