தட்டாமல் விட்ட பலகை

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே துறையில் ஐஸ் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் இன்ஜின் ஓட்டும் நெட்டையனும் கூடைகளைத் தோளில் ஏற்றினோம். ஐஸ் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. கயிறு அறுத்த உள்ளங்கைகளில் உப்பு எரிந்தது. மறுநாள் விசாரணை அதிகாரி வருகிறார்.

விசாரணை என் அண்ணனின் சாவைப் பற்றியது. நடுக்கடலில் நாங்கள் இருந்த படகின் அடிப்பலகை பிளந்தது. அழுகிவிட்டது என்று அவன் முதலாளியிடம் பலமுறை சொன்ன பலகை. அண்ணன் இன்ஜினுக்குக் கீழே இறங்கி ஓட்டையில் சாக்கைத் திணித்து, முதுகால் அழுத்திக்கொண்டான். தண்ணீர் கழுத்தைத் தாண்டியும் நகரவில்லை. படகு கரை சேர்ந்தது. எங்களால் இறங்க முடிந்தது. அவனைத் தூக்க வேண்டியிருந்தது.

"குடிச்சிட்டு விழுந்தான்" என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். படகைக் கொட்டகையில் பூட்டி வைத்தார். கதவு திறந்தபோது அது புதுப் பச்சைப் பெயிண்ட்டில் பளபளத்தது.

சொந்தப் படகு வாங்க எங்கள் குடும்பங்கள் சேர்த்த பணம் அண்ணியிடம் இருந்தது. வேலை முடிந்ததும் அதை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். முதலாளியின் இரண்டு படகுகள் விற்பனைக்குக் கரையேறி நின்றன.

முதலில் நீலம். நெட்டையன் மரச்சுத்தியலால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே போனான். நல்ல மரம் கணீரென்று கேட்கும். அழுகியது சொத்தென்று அடங்கிவிடும். நீலம் முழுக்கக் கணீர். இன்ஜினும் ஒரே இழுப்பில் பிடித்தது. எனக்கு ஆசையாக இருந்தது.

"இது வேண்டாம். அந்தப் பச்சையக் குடுங்க" என்றாள் அண்ணி.

முதலாளி அவளை உற்றுப் பார்த்தார். "அது உன் புருஷன் போன படகாச்சேம்மா."

"அதனாலதான் வேற யாரும் வாங்க மாட்டாங்க. வெல கொறைப்பீங்க."

நெட்டையன் பச்சையைத் தட்டினான். முன்பக்கம், பக்கவாட்டு. இன்ஜினுக்குக் கீழே வந்ததும் சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டான். முதலாளி நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த இடத்தைத் தட்டுவதில்லை என்று முந்தின நாளே பேசி வைத்திருந்தோம்.

அவர் நினைப்பு எனக்குப் புரிந்தது. அழுகின படகாக இருந்தால் இவர்களே வாங்குவார்களா என்று நாளை அதிகாரியிடம் கேட்பார்.

"வாங்கினப்புறம் ஓட்ட ஒடசல்னு வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டோம்" என்றான் நெட்டையன். "நீங்க எதாவது மாத்தியிருக்கீங்களா?"

"பெயிண்ட் அடிச்சேன். ஒரு ஆணிகூட மாத்தல."

"இன்ஜின் சத்தத்துல காது போச்சு முதலாளி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"ஒரு ஆணிகூட மாத்தலடா செவிடா!"

ஐஸ் உடைப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பணம் கை மாறியது. கட்டுக்கயிற்றை முதலாளியே அண்ணியின் கையில் கொடுத்தார்.

"பொழச்சுக்கோ."

அண்ணி நெட்டையனிடமிருந்து சுத்தியலை வாங்கினாள். இன்ஜினுக்கு நேர் கீழே குனிந்து தட்டினாள். சொத். பிறகு ஓங்கி அடித்தாள். பெயிண்ட்டும் அதற்கடியில் பூசியிருந்த பட்டியும் பெயர்ந்து விழுந்தன. உள்ளே புதுத் தகரம், புது ஆணிகள். நான் ஐஸ் உடைக்கும் கடப்பாறை ஒன்றை எடுத்து ஓரத்தை நெம்பினேன்.

"என் படகுல கை வைக்காத!" என்று முதலாளி கத்தினார்.

"எங்க படகு" என்றேன்.

அழுகிய மரத்துக்கு நடுவே சாக்கு இறுகிக் கறுத்திருந்தது.

ஐஸ் உடைக்கும் சத்தம் நின்றது. உடைத்தவர்கள் கடப்பாறைகளைக் கீழே போடாமலே வந்தார்கள். மற்றப் படகுகளிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள்.

"அதிகாரி வர்ற வரைக்கும் இங்கதான்" என்று ஒரு கிழவர் மணலில் உட்கார்ந்தார். "எவன்டா இன்னிக்கிக் கடலுக்குப் போறது?"

ஒருவரும் போகவில்லை. முதலாளி வழி தேடினார். நாங்கள் விலகவில்லை.

அண்ணி சுத்தியலோடு அவர் எதிரே வந்து நின்றாள்.

"சாக்கத் திணிச்சது என் புருஷன். அதுக்கு மேல தகரம் அடிச்சது யாரு முதலாளி?"