எட்டாவது நரம்பு

1

எழுந்தான். பல் தேய்த்தான். தேநீர் போட்டான். விசிறியைப் போடாமல், வியர்க்க வியர்க்க உட்கார்ந்து குடித்தான்.

(கதை பிறந்தது இங்கேதான். 'விசிறியைப் போடேன்' என்று என்னை ஒருத்தி கேட்டாள்; பதிலுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். 'அவன்' என்று எழுதுவதில் ஒரு வசதி. ஆறிப்போவது அவனுடைய தேநீர், என்னுடையது அல்ல.)

2

மேசைமேல் ஒரு பழைய மைச் சித்திரம். யாழ். வரைந்தவர் பெயர் இல்லை.

அவன் மனைவி பழைய தாள்களைச் செப்பனிடுபவள். அருங்காட்சியகத்திலிருந்து வந்த சித்திரம் நரம்புகளை ஒட்டிக் கிழிந்திருந்தது. கிழிசலின்மேல் பசை தடவி, கண்ணுக்கே தெரியாத மெல்லிய தாள் ஒன்றை ஒட்டினாள். ஒட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். சாலை வளைவில் ஒரு லாரி

இந்த வாக்கியம் வேண்டாம். அவள் திரும்பவில்லை.

3

சித்திரத்தை வாங்கிப்போக அவளுடைய அக்கா வந்தாள். அவளுக்கும் அதே தொழில். (முதல் வரைவில் அவளை அழவைத்தேன். ஒட்டவில்லை.) பூதக்கண்ணாடியோடு குனிந்தாள்.

"வேலைக்கு முன்னாடி எடுத்த போட்டோல ஏழு நரம்பு. இங்க எட்டு இருக்கே, தம்பி?"

"வரைஞ்சவருக்கு எண்ணத் தெரியல போலக்கா."

"அவருக்கு நல்லாவே தெரியும். என் தங்கச்சிக்குத்தான் தலையைக் கட்டத் தெரியல. இது மை இல்ல, முடி. பசையைத் தொடும்போது கொண்டை போடுடின்னு எத்தன தடவ சொல்றது? கழுதை, கேக்குறாளா?"*

இடுக்கியை எடுத்தாள். "லேசா நனைச்சா வந்துடும். எடுக்கட்டுமா? இப்படியே கொடுத்தா மியூசியத்துல எடுத்துக் குப்பையில போட்டுருவாங்க."

அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"என்ன புழுக்கம்டா சாமி! அந்த ஃபேனைத்தான் போடுங்களேன், புண்ணியமாப் போகும்."

எழுந்து போய் சுவிட்சில் கை வைத்தான்.

* 'கேட்டாளா' என்று திருத்திப் பார்த்தேன். பழையபடியே விட்டுவிட்டேன்.

4

இதற்குமேல் எழுத வரவில்லை. என்னிடம் இருப்பவை இவ்வளவுதான்:

அ) எடுக்கச் சொல்கிறான். முடியை மடித்துக் கையில் தருகிறாள். (பிறகு? அதை எங்கே வைப்பான்? சீப்பிலும்தான் இருக்கிறது.)

ஆ) வேண்டாம் என்கிறான். யாழ் எட்டு நரம்போடு போகிறது. அங்கே யாரும் எண்ணிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

இ) சித்திரத்தையே தர மறுக்கிறான். அக்காவின் வேலைக்கு உலை.

விசிறி சுழன்றதா என்பதும் உங்கள் பாடு. அவன் கை இன்னும் சுவிட்சில்தான் இருக்கிறது.

5

ஒன்றை மட்டும் உங்களிடம் விடுவதாக இல்லை. அவள் கடைசியாகச் சொன்னது. ஒரு வரைவில் அவள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "நான் இல்லாட்டியும் நீங்க

அடித்துவிட்டேன். அவள் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டே, உள்ளே திரும்பாமல் சொன்னாள்:

"ஃபேனைப் போட்டுடாதீங்க. பசை காயல."