நிர்வாகி மறைத்த பக்கம்

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த நான், கை கழுவிய ஈரத்தோடு போய் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தேன். யாரும் கேட்கவில்லை. திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்து, ‘உங்கள் கணினியில் நாற்பத்தேழு ஆபத்துகள், உடனே சுத்தம் செய்க’ என்றது. நான் பூட்டு ரிப்பேர் செய்பவன். ஆபத்து என்று யார் சொன்னாலும் என் கை தானாக நீளும். அழுத்தினேன். கடவுச்சொல் கேட்டது. என்னுடையதைக் கொடுத்தேன், தப்பு என்றது. அதெப்படித் தப்பாகும் என்று இன்னும் மூன்று தடவை கொடுத்தேன். திரை முழுக்கச் சிவந்து, ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு என் மனைவிக்கு அதே கம்ப்யூட்டரில் தேர்வு.

அவள் கண் மருத்துவமனையில் பார்வை அளவு எடுப்பவள். அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராவதற்கான தேர்வு இது. வருஷத்துக்கு ஒரு தடவைதான். வீட்டிலிருந்தே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதலாம். ஆனால் உள்ளே விடுமுன், கம்ப்யூட்டரின் பாதுகாப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர்கள் சோதிப்பார்கள். இல்லையென்றால் அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருஷமாகப் படிக்கிறாள்.

பிளக்கைத் திரும்பச் சொருகிப் போட்டபோது சத்தம் இல்லை. பாதுகாப்பைப் பார்த்துவிடுவோம் என்று செட்டிங்ஸைத் திறந்தேன். திரை, ஒலி, பிரிண்டர் எல்லாம் இருந்தன. பாதுகாப்பை மட்டும் காணோம். பெயரைத் தட்டித் தேடினால் வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. நடுவில் ஒரே வரி. ‘இந்தப் பகுதியை உங்கள் நிர்வாகி மறைத்துள்ளார்.’

நிர்வாகியா? எங்கள் வீட்டில் மொத்தம் இரண்டு அறை, இரண்டு ஆள், ஒரு குடை. இதை நிர்வகிக்க யார் வந்தது? திறக்க மறுக்கும் பூட்டை ஆயிரம் பார்த்திருக்கிறேன். கதவையே கழற்றிக்கொண்டு போய், அந்த இடத்தில் சுவர் எழுப்பி வெள்ளையடித்துவிட்டுப் போனதை அன்றுதான் பார்த்தேன். சந்தேகமே இல்லை, திருடன் உள்ளே வந்துவிட்டான். நான்தான் நாலு தடவை வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறேன்.

மச்சினனுக்குப் போன் போட்டேன். அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது, அவனைக் கேட்டால்.

“ரீஸ்டார்ட் பண்ணீங்களா மாமா?”

“பிளக்கையே பிடுங்கிட்டேன்டா.”

“அப்ப வைரஸா இருக்கும். இல்லாமயும் இருக்கலாம்.”

“எதுடா ரெண்டுல?”

“ஃபார்மேட் அடிச்சுப் பாருங்க, போனா போகுது.”

“என்ன போகும்?”

“எல்லாந்தான்.”

வைத்துவிட்டேன். எல்லாம் போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் முன்பு அவள் சேர்த்து வைத்திருந்த நாலு மாசக் குறிப்புகள் இதே பெட்டியில் காணாமல் போயின. “டிஸ்க்குக்கு வயசாயிடுச்சுங்க” என்றாள், அவ்வளவுதான். மூன்று வாரம் விடியற்காலையில் எழுந்து எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்தாள். நான் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்று, “பழைய பெட்டி வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்ல” என்று டிஸ்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னை மாதிரி ஒரு புருஷன் கிடைப்பானா என்று எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

என் கடையை மறுபடி திறக்கவில்லை. பெட்டியைத் துண்டில் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். என் கடையிலிருந்து ஐந்தாவது கடை. நடத்துகிற பெண் பெட்டியைத் தன் திரையோடு இணைத்து, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்ததும் அவள் உதடு ஓரமாகச் சுழித்தது.

“யார் பெட்டி அண்ணே?”

“எங்க வீட்டுதும்மா. திருடன் பூந்துட்டான். யாரோ நிர்வாகியாம்.”

“நிர்வாகி பாஸ்வேர்ட் சொல்லுங்க, திறக்கிறேன்.”

“தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?”

“அப்ப திறக்க மாட்டேன். போன மழைக்காலத்துல என் கடைச் சாவி தொலைஞ்சப்போ, என் கடைக்கு முன்னாடியே என்னை நிக்க வெச்சு, உள்ள வலது பக்கம் என்ன இருக்கு, காலண்டர்ல என்ன படம்னு கேட்டீங்களே. நனைஞ்சுக்கிட்டே பதில் சொன்னேன்.”

வாஸ்தவம். உள்ளே இருப்பதைச் சொல்லத் தெரியாத யாருக்கும் நான் கதவைத் திறந்துவிட மாட்டேன். இருபது வருஷப் பழக்கம்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. நாளைக்கு என் வீட்டுக்காரி இதுல பரீட்சை எழுத முடியுமா, முடியாதா?”

திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்து விழுங்கினாள்.

“வீட்ல கேளுங்க அண்ணே.”

“வீட்ல கேக்கக் கூடாதுன்னுதானேம்மா இங்க வந்தேன்!”

“கேளுங்கண்ணே” என்று பெட்டியைத் துண்டிலேயே சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

ஆறு மணிக்கு என் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாற்பத்தேழு ஆபத்து, நாலு தடவை, ஊளை, பிளக். “உன் ரெண்டு வருஷத்தையும் அழிச்சிட்டேன் போல இருக்கும்மா.”

அவள் கோபப்படவில்லை. அதுவே பயமாக இருந்தது. கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தாள். என் பெயர் வரும் இடத்தில் வேறொரு பெயரைத் தேர்ந்தெடுத்து, நான் பார்க்காத ஒரு கடவுச்சொல்லை மடமடவென்று தட்டினாள். செட்டிங்ஸ் திறந்தது. பாதுகாப்பு என்ற பக்கம், எங்கேயும் போகாததுபோல், அதன் இடத்திலேயே இருந்தது. வரிசையாகப் பச்சை டிக்குகள்.

“ஒண்ணும் ஆகலை. பாஸ்வேர்ட் இல்லாம எதுவும் உள்ள வர முடியாது. நாளைக்கு எழுதலாம்.”

“அப்ப அந்த நிர்வாகி…”

“நான்தான். அந்தக் கடைப் பொண்ணு செஞ்சு குடுத்தா. உங்க பேர்ல உள்ள போனா அந்தப் பக்கமெல்லாம் தெரியாது.”

“எப்போலேருந்து?”

“ஆறு மாசமா.”

தப்பித்தோம் என்று பாதி விட்ட மூச்சு அங்கேயே நின்றது. ஆறு மாசம். மூன்று வாரம், விடியற்காலை, டைப் அடிக்கும் சத்தம், பக்கத்தில் டீ டம்ளரோடு நான்.

“டிஸ்க்குக்கு வயசாச்சுன்னு சொன்னியே.”

அவள் பச்சை டிக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு யாரைக் கேட்டாலும் மென்னு முழுங்குறாங்க. நீயாவது நேரா சொல்லு. அந்த நோட்ஸ் போனது என்னாலயா?”

நாற்காலியைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தாள்.

“ஆமாங்க. உங்களாலதான். அன்னைக்கும் நீங்க சுத்தம்தான் பண்ணீங்க.”