கேட்டதைக் கொடுத்த ராசா

கொல்லிமலைக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. இன்று எனக்கு வாய்த்த சென்னைக்காரர் ஆகாயகங்கை அருவியைப் பார்த்து, "இதுக்கா இத்தனை படி?" என்றார். ஓரி மன்னன் கதையைச் சொன்னால் போனைத் தடவினார்.

"கேட்டவங்களுக்கு இல்லைன்னே சொல்லாத ராசாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காதில் விழுந்ததா, தெரியவில்லை.

அறப்பளீசுவரர் கோயில் ஆற்றில் மீன்களைக் காட்டி, "சாமிக்கு முன்னால இதுங்களுக்குத்தானுங்க படையல். நாங்க யாரும் பிடிக்க மாட்டோமுங்க" என்றேன். பக்தியோடு கும்பிட்டார். என் கோபம் கொஞ்சம் இறங்கியது.

சோளக்காடு ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் என் தோளைத் தட்டினார்.

"ஓரி ஊர்க்காரர் நீங்க, இல்லைன்னு சொல்லக் கூடாது. அந்தக் கோயில் மீன்ல ரெண்டு வறுத்துத் தரச் சொல்லுங்க."