சிமெண்டு மாமாவின் சுவர்

1

ஒப்புக்கொள்கிறேன், இது மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்த கதை. ஒரு பழைய கிராமத்துப் பள்ளிவாசலுக்குள் நின்றபடி சுவரில் கை வைத்தேன், உள்ளங்கை நனைந்தது. கூரை ஒழுகவில்லை, பிறகு ஏன் என்று கேட்டேன். பதில் சொன்னவர் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். அவர் சொல்லி முடிக்குமுன் மழை நின்றுவிட்டது. எனக்குத்தான் கிளம்ப மனம் வரவில்லை.

முதல் வரியாக எழுதியது: 'காலத்தை வென்று கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும் அந்தப் பள்ளி...'

அடித்துவிட்டேன். சுவர் நிமிர்ந்து நிற்கவில்லை, ஊறிப்போயிருந்தது.

2

மறுபடி தொடங்குகிறேன். தொழுகிறவர்கள் முகம் பார்த்து நிற்கும் சுவரை அவள் தட்டினாள். (பொறியாளர் ஒரு பெண். கதைக்குள் வந்ததும் 'அவர்' போய் 'அவள்' ஆகிவிட்டார். மன்னிக்க வேண்டும்.) உள்ளே பொள்ளல், வெற்றுச் சத்தம் கேட்டது. கல்லும் சுண்ணாம்புமான சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். இருபது வருடத்துக்கு முன் யாரோ அதன்மேல் சிமெண்டு பூசிவிட்டார்கள்.* ஈரம் போக வழியில்லை. பூச்சை உரிக்காவிட்டால் சுவர் இரண்டு மழைக்காலம் தாங்காது.

(* மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடிப் பாருங்கள், புரியும்.)

அந்த 'யாரோ' அவளுடைய தாய்மாமா. ஊருக்கே அவர் சிமெண்டு மாமா. மாமி ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்த வாரம், இறைவனுக்கு நன்றியாகத் தன் கையாலேயே பூசிய சுவர் அது. அவள் கட்டடம் படிக்க ஆசைப்பட்டபோது, வீட்டில் "படிக்கட்டுமே" என்ற ஒரே வாயும் அவருடையதுதான்.

பள்ளிவாசல் நிர்வாகிகள் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள்: "மாமா சரின்னா உரிங்க. அவர் மனசு நோகும்னா வேண்டாம்."

3

இங்கே மாமாவை வில்லனாக்கப் பார்த்தேன். வாரப் பத்திரிகையில் பழகிய கை, சும்மா இருக்குமா? மீசையைக்கூட முறுக்கிவிட்டேன். மனிதர் அதைக் கண்டுகொள்ளாமல் பள்ளிவாசலுக்குள் மருமகளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மீசையை இறக்கிவிட்டேன்.

"என்னம்மா, சுவத்தையே பாக்குற? அதுக்கென்ன, காய்ச்சலா?"

"வேர்க்குது மாமா."

"நான் பூசினது. ஒரு கீறல் காட்டு பாப்போம்."

"கீறலே இல்ல. அதான் மாமா பிரச்சினை."

கூட வந்திருந்த மாமி விடவில்லை. "நல்லாக் கேளு. எங்க அடுப்படிச் சுவத்துல பல்லி குடும்பம் நடத்துது. இங்க மட்டும் ஒரு கீறல் கிடையாதாம்."

மாமாவிடம் கேட்டுக்கொண்டு, அவள் உள்ளங்கை அளவு பூச்சைப் பெயர்த்தாள். ஈர மணல் கொட்டியது. உள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு, அதில் அம்மைத் தழும்பு போலக் குழிகள்.

"இதெல்லாம் யாரு மாமா கொத்தினது?"

"நான்தான். கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு. சிமெண்டு ஒட்டவே இல்ல. பிடிக்கணுமேன்னு கொத்தினேன்."

ஒரு குழிக்குள் விரலை விட்டார். எடுத்து, ஈரத்தைப் பார்த்தார்.

"உரிச்சுட்டா, நான் சொன்ன நன்றி என்னம்மா ஆகும்?"

4

அவளுக்காக மூன்று பதில்கள் எழுதினேன். 'மனசுதான் மாமா முக்கியம்.' வாழ்த்து அட்டை வாசகம், வேண்டாம். இமாம் வந்து விளக்குகிறார். அவர் வேலையில் நான் புகுவானேன்? மூன்றாவதில் அவள் அழுது... இல்லை, அழவில்லை.

நடந்தது இதுதான். கையிலிருந்த உளியைப் பார்த்தபடி நின்றாள்.

"சரி, உரி" என்றார் மாமா.

அவள் முழங்கால் உயரத்தில் உளியை வைத்தாள். அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"கீழருந்து தட்டாத. மேல இருக்கிறது மொத்தமா தலையில விழும். மேலருந்து வா. பூசினவன் சொல்றேன், கேளு."

ஏணியை அவரே கொண்டுவந்து சாத்தினார். அவள் ஏறினாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பூச்சு துண்டு துண்டாக விழ ஆரம்பித்தது. தோளில் விழுந்ததைக்கூட அவர் தட்டிவிடவில்லை.

நன்றி என்ன ஆகும் என்று அவர் கேட்டது அப்படியே நிற்கிறது. பதிலை நான் எழுதினால் அலங்காரமாகிவிடும். அவர் ஏணியடியில்தான் இருக்கிறார்; சத்தத்தில் காது சரியாகக் கேட்காது. கொஞ்சம் கிட்டப் போய் நீங்களே சொல்லுங்கள்.