காற்றில்லாத கட்டம்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்றாவது பொய்யென்று யாராவது காட்டினால், என் கட்டுப்பல் இரண்டு வரிசையையும் கழற்றி டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தில் எறிந்துவிட்டு மிச்சக் காலம் முழுக்கக் கஞ்சி குடிக்கிறேன். எனக்குக் கஞ்சி பிடிக்காது. ஆகவே நம்பலாம்.

"லப்டொப்பைத் தள்ளி வை பிள்ளை. அதின்ர சூட்டுக் காத்து அப்பாவில படுது" என்றாள் தவமணி.

மகள் நிரோஜினி மடிக்கணினியை ஒரு சாண் தள்ளினாள். அப்பா, அதாவது பாலேந்திராவின் சாம்பல், குசினி மேசையில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மட்டைக் குடுவைக்குள் இருந்தார். உயிரோடு இருந்தபோதும் காலையில் அந்த இடத்தில்தான் இருப்பார். அந்த மடிக்கணினியை அதே தூரத்திலிருந்துதான் முறைப்பார்.

அன்று அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. கடலில் கரைக்கவேண்டும் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மனிதர் கண்ணை மூடியிருந்தார். மைக்கலின் வள்ளம் பேசியாயிற்று, ஐயர் வந்தாயிற்று, டோஸ்ட்ருப்பிலிருந்து சொந்தங்கள் வந்து மண்டபத்தில் றோல்ஸ் பொரிக்கத் தொடங்கியாயிற்று. காற்று மட்டும் ஒத்துழைக்கவில்லை. விடியப்புறம் தொடங்கிய புயலில் பக்கத்து வீட்டு டேனிஷ்காரரின் குப்பைத் தொட்டி படலையைத் திறந்துகொண்டு வெளியே போய், ஒழுங்காகச் சைக்கிள் பாதையில் ஏறி, நகரப் பக்கம் போனது. சிவப்பு விளக்கில் அது நின்று போனதாகவும் சொல்கிறார்கள். நான் கண்ணால் காணாததால் அதைச் சேர்க்கவில்லை.

தவமணிக்குப் பயம் புயலைப் பற்றியல்ல, ஒரு மேல்கோட்டைப் பற்றியது. பிரெடெரிசியாவில் ஞானேஸ்வரி தன் புருஷனின் சாம்பலைக் கடலில் தூவியபோது காற்றுத் திரும்பிவிட்டது. மனிதரில் பாதி கடலுக்குப் போக, மிச்சப் பாதி சனத்தின் மேல் வந்து படிந்தது. ஞானேஸ்வரி அன்று போட்டிருந்த கறுப்புக் கோட்டை இன்றுவரை தோய்க்கக் கொடுக்கவில்லை. பின்னேரங்களில் அதைச் சோபாவில் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் தொலைக்காட்சி பார்க்கிறாளாம்.

"எனக்கு உது சரிவராது" என்றாள் தவமணி. "கோட்டோட குடும்பம் நடத்தேலாது. அவர் முழுசாப் போகவேணும்."

தொலைபேசி அடித்தது. மைக்கல். மன்னாரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, எஸ்பியர்க் தொழிற்சாலையில் முப்பது வருடம் மீன் வெட்டி, ஓய்வூதியத்தில் வள்ளம் வாங்கியவர்.

"பிள்ளை, இண்டைக்குச் சரிவராது. என்ர போன்ல காத்துச் சொல்லுற எல்லா அப்பும் சிவப்பு."

"நாளைக்குப் போவமா, மாமா?"

"நாளைக்குக் கிளப்பின்ர கிரேன் வந்து வள்ளத்தைக் குளிர்காலத்துக்குக் கரையில தூக்கி வைக்குது. இனி ஏப்ரல்தான்."

தவமணிக்கு அது கேட்டுவிட்டது. "ஏப்ரல் மட்டும் உன்ர அப்பா எங்க இருக்கிறது? ஃபிரிட்ஜுக்கு மேலயோ?"

"ஸ்லாப் அவ், மம்மா" என்றாள் நிரோஜினி. டேனிஷில் அமைதிப்படுத்தினால் அம்மாவுக்குக் கோபம் இரட்டிக்கும் என்பது தெரிந்தும் அப்படித்தான் சொன்னாள். "நான் பாக்கிறன்."

அவள் பார்ப்பது என்றால் அதற்கு ஒரு பொருள் இருந்தது. கடலுக்குள் நிற்கும் மின்சாரக் காற்றாடிகளைத் திருத்தப் போகும் படகுகளுக்கு, எப்போது போகலாம், எப்போது போகக்கூடாது என்று சொல்லும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கடல் முழுவதையும் சல்லடைக் கண் போலச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் மணிக்கு மணி காற்று எவ்வளவு என்று அடைத்து வைத்த பெரிய கோப்புகள் அங்கே வரும். அந்தக் கோப்பைச் சும்மா திறந்தால் ஒன்றும் விளங்காது. அதற்கென்று ஒரு கருவி இருந்தது. சிரிக்கிற சூரியனும் இல்லை, அழுகிற முகிலும் இல்லை. ஒரு கறுப்புச் சன்னல், அதில் ஒரு வரி. இந்த இடம், இந்த மணி என்று தட்டினால் கோப்பைப் பிரித்து, மனிதர் வாசிக்கக்கூடிய இலக்கங்களாக மாற்றிக் கீழே கொட்டும்.

"வெள்ளை எறும்பு ஊருது" என்பார் பாலேந்திரா, அந்த இலக்கங்களைப் பார்த்து. அவருடைய கருவி அவருடைய இடது முழங்கால். அவள் மழை என்றால் அவர் வெயில் என்பார். மழை பெய்தால் "உது மழையில்லை, தூறல்" என்பார். கொட்டினால் "எங்கட வளவுக்கு வெளியிலதான் கொட்டுது" என்பார். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து அப்பாவை அவள் ஒருமுறையாவது வென்றதாக அந்த வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

வைத்தியசாலையில் கடைசியாகக் கதைத்ததும் அதைப் பற்றித்தான்.

"நாளைக்கு வெயில், அப்பா. சன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பச் சொல்லுறன்."

"தேத்தண்ணி நேரத்துக்கு மழை."

"இல்லை. நான் பாத்தனான்."

"எறும்பு சொன்னதோ?" சிரிக்கப்போய் இருமினார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நிரோ, என்னைக் கடல்ல விடுற அண்டைக்குக் காத்து நிக்கும். நான் நிப்பாட்டித் தருவன். நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார்.

"காத்தை ஒருத்தரும் நிப்பாட்டேலாது, அப்பா."

"பாப்பம்."

அடுத்த நாள் பின்னேரம் தாதி வந்து, இந்த நாட்டு வழக்கப்படி உயிர் வெளியே போகட்டும் என்று சன்னலைத் திறந்துவிட்டாள். மழை உள்ளே தெறித்தது. நிரோஜினியின் மணிக்கட்டு நனைந்தது. அவள் சன்னலைச் சாத்தவில்லை. வென்றுவிட்டுத்தான் போயிருக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டாள்.

ஆகவே இப்போது, குசினி மேசையில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, நித்திரையில்லாத கண்ணோடு அவள் அலுவலகச் சேமிப்புக்குள் புகுந்தாள். மாதம் மாதமாக, நாள் நாளாக அடுக்கிய கோப்புறைகளுக்குள் அன்றைய நாளைத் தேடிக் கோப்பை இறக்கினாள். ஃபான தீவுக்கு அப்பால் உள்ள கடலைக் கேட்டு ஒரு வரி தட்டினாள். நொடிக்கு இத்தனை மீற்றர் என்று இலக்கங்கள் இறங்கின. இருபத்திரண்டு. இருபத்துமூன்று. இருபத்திரண்டு. இரண்டு. இருபத்துமூன்று.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி தட்டினாள். மறுபடியும் இரண்டு. நடுப்பகலிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு, துறைமுக வாய்க்கால் தாண்டியதும் வருகிற ஒரேயொரு கட்டத்தில், காற்று கிட்டத்தட்ட இல்லை.

"அம்மா, வெளிக்கிடுங்கோ. காத்து நிக்கும்."

"அப்பா சொன்னவர்தானே."

"அப்பா இல்லை. இது கணக்கு."

தவமணி மகளைப் பார்த்தாள், குடுவையைப் பார்த்தாள். "நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டைச் சொல்லி நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்" என்றாள். "எனக்குப் பயமாக் கிடக்கு."

துறைமுகத்தில் மைக்கல் வள்ளத்தின் கயிற்றை இரண்டாம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிரோஜினி கறுப்புச் சன்னலைப் படமெடுத்து வந்த தொலைபேசியைக் கோட்டுக்குள் மறைத்துக் காட்டினாள்.

"இதில எங்க பிள்ளை கடல் கிடக்கு?"

"இந்த வரிதான், மாமா. இந்த ரெண்டு."

"சுத்திவர இருபத்திரண்டு கிடக்கே. அதுக்குள்ளால பறந்தா போறது?"

"வாய்க்கால் முடியுமட்டும் போவம். அங்க நிக்காட்டி நானே திருப்பச் சொல்லுவன்."

ஐயர் இடையில் புகுந்தார். "கரையிலிருந்தும் செய்யலாம் அம்மா. சாஸ்திரத்தில இடமிருக்கு."

"உங்களுக்கு நீந்தத் தெரியாதோ, ஐயா?" என்றாள் தவமணி.

"தெரியாது."

"அப்ப சாஸ்திரம் அதுதான்" என்றார் மைக்கல். பிறகு குடுவையைப் பார்த்தார். "ஃபிரிட்ஜுக்கு மேல அண்ணை இருக்கமாட்டார். அந்தாளுக்குக் குளிர் கூடாது." முடிச்சை அவிழ்த்தார். சுக்கானுக்கு மேலே ஒட்டியிருந்த மடு மாதா படத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தார்.

துறைமுக வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நான்கு வெள்ளை மனிதச் சிலைகளும் அன்று கண்ணை மூடிக்கொண்டிருந்தன. கடற்பறவைகள் பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. ஒன்று தான் முட்டையிட்ட இடத்தையும் தாண்டிப் பின்னுக்குப் போனது. ஐயரின் சால்வை கழுத்தை விட்டுக் கிளம்பி சுவீடன் பக்கம் போயிற்று. அவர் மந்திரங்களின் மிகச் சுருக்கமான பதிப்பைத் தொடங்கினார். தவமணி குடுவையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டு, அறுபத்தெட்டு வயதில் நிறைமாதக்காரி போல இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாய்க்கால் முடிந்தது. காற்று நிற்கவில்லை. ஒரு அலை வள்ளத்தைத் தூக்கி, யோசித்து, வைத்தது.

"திருப்புறன் பிள்ளை!"

நிரோஜினி தொலைபேசியில் தாங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம், மாமா. கட்டம் அங்காலதான் தொடங்குது."

"கடல்ல எங்கயடி கோடு?"

"போங்கோ!"

மைக்கல் போனார். வள்ளத்தின் மூக்கு உள்ளே நுழைந்தது.

மூக்குத்தான் முதலில். ஐயரின் கையிலிருந்த தர்ப்பை சட்டென்று ஆடாமல் நின்றது. பின்பக்கம் நின்ற மைக்கலின் தொப்பி அந்த நேரத்தில்தான் பறந்தது, ஏனென்றால் பின்பக்கம் இன்னும் இருபத்திரண்டில் இருந்தது. முழு வள்ளமும் உள்ளே வந்ததும் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாலு பக்கமும் மழை நேர்கோட்டில் நின்றது, அளந்து தைத்த திரை மாதிரி. மூலைகள் மட்டம் வைத்துப் பிடித்தது போலச் சரியாக இருந்தன. பின்பக்கமாகப் பறந்து வந்த பறவையொன்று கோட்டைத் தாண்டியதும், சாய்ந்துகொள்ளக் காற்றில்லாமல், தொப்பென்று ஐயரின் மடியில் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கற்பூரம் ஆடாமல் எரிந்தது. தவமணி பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குடுவையை வெளியே எடுத்தாள்.

"நீயே விடு" என்றாள்.

நிரோஜினி குனிந்து குடுவையைச் சரித்தாள். அரித்த மா இறங்குவது போல அவர் நேராக இறங்கினார். இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. தண்ணீரில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விரிந்தது. தவமணி அதன்மேல் செவ்வந்திப் பூவைப் போட்டாள். வட்டம் மெல்ல உள்ளே போனது, பூ மிதந்தது.

மைக்கல் சிலுவை போட்டுக்கொண்டார். "நிப்பாட்டித் தருவன் எண்டு சொன்னவராம் எல்லோ? செய்துபோட்டார் மனுசன்."

"இல்லை, மாமா" என்று நிமிர்ந்தாள் நிரோஜினி. முகம் முழுக்கச் சிவந்து பளபளத்தது. "இது அவர் இல்லை. இது என்ர!" வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து டேனிஷில் கத்தினாள், சின்ன வயதில் சைக்கிள் ஓட்டப் பழகிய நாளில் கத்தியது போல: "யாய் வான்ட், ஃபார்!" வென்றிட்டன், அப்பா. இன்னொரு முறை கத்த வாய் திறந்தாள். அந்த முறை சத்தம் வரவில்லை.

தவமணி மகளின் முதுகில் கையை வைத்தாள். "ஓம், இந்த முறை நீதான்" என்றாள். "அவரே ஒத்துக்கொள்ளுவார். வேற வழியில்லை, பதில் சொல்ல ஆளில்லை."

கட்டம் வள்ளத்தோடு நகர்ந்து அவர்களைத் திரும்பக் கரையில் கொண்டுவந்து விடுமட்டும் பொறுத்திருந்து, பிறகு மூடிக்கொண்டது. துறைமுகத்தில் குடையில்லாமல் நின்ற சொந்தங்கள் கைதட்டினார்கள். கொடி பிடிக்காத குறைதான். மண்டபத்தில் நிரோஜினியை நடுவில் இருத்தி றோல்ஸ் கொடுத்தார்கள். ஐயர் தட்சணையை வாங்க மறந்தார். இதை நம்பக் கஷ்டமென்று எனக்கும் தெரியும். மைக்கல் கதை சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மூலைகள் இன்னும் கூர்மையாகின. டோஸ்ட்ருப்புக்குக் கதை போய்ச் சேர்ந்தபோது கடல் பிளந்து அடி மணல் தெரிந்ததாம். அது மிகை. தண்ணீர் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தவமணி கோட்டைக் கழற்றி விளக்கின் கீழே பிடித்தாள். தோள்பட்டையைத் தூரிகையால் தடவிப் பார்த்தாள். கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். கைமடிப்பு, பையின் உள்பக்கம், பொத்தான் துளைகள்.

"ஒண்டும் இல்லை" என்றாள்.

"நல்லதுதானே, அம்மா."

"ஓம். நல்லது." இன்னொரு முறை கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பாலேந்திராவின் ஜக்கெட் தொங்கிய கொளுக்கிக்குப் பக்கத்தில் கோட்டை மாட்டினாள்.

குசினி மேசையில் மடிக்கணினி காலையில் விட்டபடியே திறந்திருந்தது. கறுப்புச் சன்னலில் அந்த இலக்கங்கள் அப்படியே நின்றன. அந்தக் கருவி ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தேதியைப் போட்டுத்தான் தரும்: நாள் சரி, மாதம் சரி, மணி சரி, வருடம் போன வருடம்.